கோட்டாறு, குழித்துறை ஆயர்களுக்கும் திருவனந்தபுரம் பேராயருக்கும் ஒரு திறந்த மடல்

மேதகு ஆயர் பெருமக்களே, இயேசுவுக்கே புகழ்.

சென்ற மாதம் பாட்டியின் ஞானஸ்நானப் பதிவைத் தேடி அவர் பிறந்த ஊர்ப் பங்குக்குப் போயிருந்தேன். 1920களின் பதிவேடு. மேசையில் விரித்ததும் ஓரம் பொடிந்து கையோடு வந்தது. பாட்டியின் பெயர் கிடைத்துவிட்டது. ஞானத்தாயின் பெயர்தான் மை பரவிப் பாதியில் நின்றது. பாட்டியின் பெற்றோருக்கு நடந்த கல்யாணம் முந்தைய ஏட்டில் இருக்க வேண்டும். அது எங்கே என்றேன். “பழைய மறைமாவட்டத்துக்குப் போயிருக்கும்” என்றார் உபதேசியார்.

எது பழைய மறைமாவட்டம், அதாவது எந்த ஆயரின் ஆளுகைப் பகுதி? அந்த ஊர் இப்போது குழித்துறை மறைமாவட்டத்தில். 2014 டிசம்பர் வரை கோட்டாறு. 1930 மே 26க்கு முன் கொல்லம்.

கடற்கரைக் கதை இன்னும் சிக்கல். தமிழ்ப் பகுதியைக் கொல்லத்திலிருந்து பிரித்துக் கோட்டாறு மறைமாவட்டம் அமைத்தது, மாநில எல்லை மாறிய 1956க்கு 26 ஆண்டு முன்பு. ஆனால் கன்னியாகுமரியின் மேற்குக் கடலோரத்துத் தூத்தூர் கரை அதில் சேரவில்லை. அது கொச்சியில் இருந்தது; 1952இல் ஆலப்புழை, 1955இல் திருவனந்தபுரம். மறு ஆண்டே கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு இணைந்தது. இன்றும் அந்த ஊர்களுக்குக் கலெக்டர் நாகர்கோவிலில், பேராயர் திருவனந்தபுரத்தில். 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாத பலர் இந்தக் கரைக்காரர்கள்தான்.

நம் மண்ணின் மறைசாட்சி புனித தேவசகாயத்தையே பாருங்கள். பிறந்த நட்டாலம் இன்று குழித்துறை மறைமாவட்டத்தில். ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளம் தூத்துக்குடி மறைமாவட்டத்தில். உயிர்விட்ட காற்றாடிமலையும், அடக்கமான சவேரியார் கோயிலும் கோட்டாறில். அவரை அடக்கிய 1752இல் கோட்டாறே கொச்சி ஆயரின் கீழ்தான் இருந்தது.

2030இல் கோட்டாறு மறைமாவட்டத்துக்கு நூறு வயது. விழா மலர் கட்டாயம் வரும். அதைத் தனித்தனியாகப் போடாமல், மூன்று மறைமாவட்டமும் சேர்ந்து ஒரே வரலாறாக எழுதுங்கள். எந்தப் பங்கு எந்த ஆண்டில் யார் கையில் இருந்தது என்று வரைபடத்தோடு இருக்கட்டும். கொல்லத்தையும் கொச்சியையும் ஆலப்புழையையும் கேளுங்கள். ஏடுகள் அங்கே இருந்தால் படி எடுத்து அந்தந்தப் பங்குக்கே கொடுங்கள். ஊர் எந்த ஆயரிடம் போனாலும் அதில் இருப்பவை எங்கள் வீட்டுப் பெயர்கள்.

சரி, மலர் மெதுவாக வரட்டும். ஏடுகளைப் படமெடுப்பது மட்டும் காத்திருக்க முடியாது. நான் பார்த்த பதிவேடு மர அலமாரியின் அடித்தட்டில், சுவரை ஒட்டி இருக்கிறது. அந்தச் சுவரில் ஈரம் ஏறுகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஆள் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மந்தையில் ஒருவர்