மாப்ளைக்கு, சுசோவிலிருந்து

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். அடுப்படிப் பக்கம் கொஞ்ச நாளைக்கு விடாதே, சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். சீனாவில் ஏ-லெவல் (இங்கிலாந்துப் பாணி மேல்நிலைப் படிப்பு) கணக்கு வாத்தியார் வேலைக்கு ஏஜென்சி ஒன்று உன்னிடம் பேசுகிறது, போகலாமா என்று கேட்டிருக்கிறாய். "இன்டர்நேஷனல் ஸ்கூல் என்றால் வெள்ளைக்காரப் பிள்ளைகளாச்சே, நம்ம இங்கிலீஷ் எடுபடுமா" என்ற பயம் வேறு. முதலில் அந்தப் பயத்தை விடு. என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் சீனப் பிள்ளைகள். வெளிநாட்டவரின் பிள்ளைகளுக்கென்று இங்கே தனிப் பள்ளிகள் இருக்கின்றன, அவற்றில் சீனக் குடியுரிமை உள்ள பிள்ளையைச் சேர்க்க முடியாது. உன்னைக் கூப்பிடுவது வேறு வகை. அரசு மேல்நிலைப் பள்ளி வளாகத்திலேயே ஒரு கட்டடத்தை ஒதுக்கி நடத்தும் சர்வதேசப் பிரிவாக இருக்கும், இல்லையென்றால் தனியார் இருமொழிப் பள்ளி. பத்தாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஏ-லெவல், ஐபி, ஏபி என்று ஏதாவது ஒரு வெளிநாட்டுப் பாடத்திட்டம், முடித்ததும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம்.

நான் இருக்கும் சுசோ ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம். பழைய ஊர் வாய்க்காலும் தோட்டமுமாக அழகாக இருக்கும். கிழக்கே 1994-இல் சிங்கப்பூரோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய தொழிற்பூங்கா இருக்கிறது, அதுதான் இப்போது தனி நகரமாகவே வளர்ந்து நிற்கிறது. என் மாணவர்களின் அப்பாக்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஆட்கள். பட்டறை முதலாளி, கம்பெனி மேனேஜர், எஞ்சினியர் என்று. கட்டணம் வருஷத்துக்கு ஒரு லட்சம் யுவானுக்குக் குறையாது, தனியாரில் இரண்டு மூன்று லட்சம்கூட உண்டு. ரூபாயில் தெரிய யுவானை ஏறக்குறைய பன்னிரண்டு பதிமூன்றால் பெருக்கிக்கொள்.

இவ்வளவு கொட்டி ஏன் இந்தப் பக்கம் வருகிறார்கள் என்று கேட்பாய். எல்லாரும் ஆக்ஸ்ஃபோர்டு கனவில் வருகிறார்கள் என்று நினைத்துவிடாதே. ஒன்பதாம் வகுப்பு முடிவில் ஜோங்காவ் என்று ஒரு தேர்வு. அதில் மதிப்பெண் குறைந்தால் சாதாரண மேல்நிலைப் பள்ளிக்கே வழியில்லை, தொழிற்பள்ளிதான். அதைத் தாண்டினால், பன்னிரண்டாவது முடிவில், ஜூன் 7-ஆம் தேதி தொடங்கும் காவ்காவ் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. 2024-இல் அதற்கு விண்ணப்பித்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். நம்ம நீட்டுக்கு இருபது லட்சத்துச் சொச்சம் பேர் என்றதற்கே நீ தலையில் கை வைத்தாய். இதில் இன்னொரு சிக்கல். குடும்பப் பதிவு எந்த மாகாணத்தில் இருக்கிறதோ அங்கே போய்த்தான் பொதுவாக காவ்காவ் எழுத வேண்டும். பிழைப்புக்காக இங்கே வந்து பதினைந்து வருஷம் ஆன குடும்பமாக இருக்கும், பிள்ளை மட்டும் பார்த்தே பழகாத சொந்த ஊருக்குத் திரும்பி, வேறு பாடப்புத்தகத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். அப்படிப்பட்ட வீடுகளுக்கு வெளிநாடு ஆடம்பரம் கிடையாது, திறந்திருக்கிற கதவு அதுதான். ஏ-லெவல் பக்கம் வந்துவிட்ட பிள்ளை பெரும்பாலும் காவ்காவ் எழுதுவதில்லை. பாதியில் மனம் மாறினாலும் திரும்பிப் போவது கஷ்டம். அந்தப் பதற்றம் மூன்று வருஷமும் வீட்டுக்குள் இருக்கும், பெற்றோர் வீசாட் (இங்கத்து வாட்ஸ்அப்) குழுவில் ராத்திரி பதினொரு மணிக்கு வரும் செய்திகளைப் பார்த்தால் உனக்கே புரியும்.

வகுப்பு எப்படி என்கிறாயா? கணக்கில் உனக்கு வேலையே இருக்காது. ஏ-லெவல் கணக்கில் பாதியை எட்டாவது ஒன்பதாவதிலேயே உருப்போட்டு முடித்திருப்பார்கள். தாளைக் கொடுத்தால் பாதி நேரத்தில் எழுதி முடித்துவிட்டு, வெந்நீர் குடுவையைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, உன் முகத்தைப் பார்ப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மேசையிலேயே குட்டித் தலையணை வைத்துக் குப்புறப் படுத்துத் தூங்குவார்கள், பள்ளியே அமைதியாகிவிடும். நம்ம ஊரில் இதை அமல்படுத்தினால் நான் முதல் ஆளாக ஓட்டுப் போடுவேன். சாயங்காலம் மேற்பார்வைப் படிப்பு ஒன்பது மணிவரை நீளும். நாமக்கல் ஹாஸ்டலில் நீ நடத்தும் ராத்திரி ஸ்டடியேதான், விசில் மட்டும் இல்லை.

என் பாடத்தில்தான் சங்கடம். கேம்பிரிட்ஜ் தேர்வு வாரியத்தின் ஏ-லெவல் இயற்பியலில் ஐந்தாம் தாள் என்று ஒன்று உண்டு. ஒன்றேகால் மணி நேரம், 30 மதிப்பெண். அதன் முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டுத் தப்பிக்க முடியாது. ஒரு தொடர்பைச் சொல்லி, இதைச் சோதித்துப் பார்க்க நீயே ஒரு சோதனையை வடிவமை என்பார்கள். எதை மாற்றுவாய், எதை மாறாமல் வைப்பாய், எதை எதால் அளப்பாய், என்ன ஆபத்து வரலாம், எல்லாம் நீயே சொல்ல வேண்டும். வட்ட இயக்கத்தில் மனக்கணக்காக விடை சொல்கிற பெண் இந்தத் தாளைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டாள். "சார், அவங்க எதிர்பார்க்கிற சோதனை எது?" என்றாள். எதிர்பார்ப்பு எதுவும் இல்லை, உனக்குத் தோன்றுவதைச் சொல் என்றேன். நம்பவே இல்லை. மறுநாள் பத்து வருஷத்து மதிப்பெண் வழிகாட்டிகளைத் தரவிறக்கி, அடிக்கடி வரும் வாக்கியங்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். அவளாகவே ஒரு கோனார் உரை தயாரித்துவிட்டாள்! அதில் நல்ல மதிப்பெண்ணும் வாங்குகிறாள் என்பதுதான் வேடிக்கை. என்ன செய்ய, கேம்பிரிட்ஜ்காரனும் வாய்ப்பாடு வைத்துத்தான் திருத்துகிறான்.

இதுவரை சொன்னதெல்லாம் நீ சமாளித்துவிடுவாய். நீ தெரிந்துகொண்டு வரவேண்டியது இடைத்தரகர்கள் விஷயம். பள்ளியில் ஆலோசகர்கள் இருந்தாலும், முக்கால்வாசி வீடுகள் வெளியே ஒரு ஏஜென்சியைப் பிடித்துவிடும். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், கோடையில் எந்த 'ஆராய்ச்சி', எந்தப் போட்டி என்று எல்லாவற்றையும் அவர்கள் முடிவு செய்வார்கள். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான எஸ்ஏடி தேர்வை எழுத சீனாவில் பொதுவாக இடமில்லை என்பதால் ஹாங்காங்குக்கோ மக்காவுக்கோ சிங்கப்பூருக்கோ கூட்டிப்போவதும் அந்தத் தொகுப்பில் வரும். அப்புறம் ஒருநாள் உன் மின்னஞ்சலுக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் வரும். நீ எழுதியதாக. உன் மாணவனை வானளாவப் புகழ்ந்து, நீ வகுப்பில் சொல்லவே சொல்லாத வாக்கியங்களோடு, கீழே கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள். நான் போடுவதில்லை. சொந்தமாக எழுதித் தருகிறேன் என்பேன். சில வீட்டில் கோபித்துக்கொள்வார்கள். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் "ஏன் சார் வம்பு, போட்டுக் கொடுத்துடுங்களேன்" என்று மேலிருந்தே சொன்னார்கள். உனக்கும் சொல்வார்கள். அப்போது என்ன செய்வாய் என்பதை இப்போதே யோசித்து வைத்துக்கொள், அந்த நேரத்தில் யோசிக்க விடமாட்டார்கள்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அப்பாவுக்குப் பக்கத்து ஊரில் பிளாஸ்டிக் வார்ப்புப் பட்டறை. எஞ்சினியரிங் படிக்க இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் விண்ணப்பிக்கிறான். அமெரிக்காவுக்கு 650 சொல்லுக்குள் தன்னைப் பற்றிய கட்டுரை. ஏஜென்சி எழுதிக் கொடுத்ததில், சின்ன வயதிலிருந்தே இரவு வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து வியந்தானாம். இந்த ஊர் விளக்கு வெளிச்சத்தில் நிலாவைத் தேடிப் பிடிப்பதே பெரிய பாடு. எத்தனை நட்சத்திரம் பார்த்தாய் என்று கேட்டேன். சிரித்துவிட்டான்.

விடுமுறையில் உண்மையில் என்னதான் செய்வாய் என்றேன். பட்டறையில் இருப்பேன் என்றான். அங்கே என்ன? சும்மா நின்றுகொண்டிருப்பேன் என்றான். கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறியதில் விஷயம் வந்தது. சில பொருள்களில் மேல்பரப்பில் சின்னக் குழி விழுகிறது, வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிடுகிறார். அது ஏன் என்று எழுந்து பலகையில் வரைந்து காட்டினான். உள்பக்கம் விலா மாதிரி ஒரு தடுப்பு வந்து சேரும் இடத்தில் பிளாஸ்டிக் தடிமனாக இருக்கும். மெல்லிய பகுதி சீக்கிரம் ஆறி இறுகிவிடும், தடித்த இடம் மெதுவாக ஆறும், ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது மேல்தோலை உள்ளே இழுக்கும். அழுத்தத்தை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்தால் குழி குறையும், ஆனால் ஒவ்வொரு வார்ப்புக்கும் நேரம் கூடும், அப்பா திட்டுவார். விலாவின் தடிமனைக் குறைத்தால் என்ன என்று இவன் கேட்டிருக்கிறான், அச்சை மாற்றினால் செலவு என்று அப்பா சொல்லியிருக்கிறார். மாப்ள, ஐந்தாம் தாளில் நான் வாயில் நுரை தள்ளக் கேட்பதெல்லாம் இதில் இருக்கிறது. எதை மாற்றுவது, எதை மாறாமல் வைப்பது, என்ன செலவு! இதை எழுதேன்டா என்றேன். "இதுவா? இது அப்பா வேலை சார்" என்றான்.

ஏஜென்சிக்குப் பிடிக்கவில்லை. பட்டறை, கிரீஸ் என்றெல்லாம் வந்தால் தரமாக இருக்காதாம். அப்பாவே அவர்கள் பக்கம். பையனைப் பட்டறையிலிருந்து வெளியே அனுப்பத்தானே இவ்வளவு செலவழிக்கிறேன், நீங்கள் அவனை மறுபடி உள்ளே தள்ளுகிறீர்களே என்றார். நியாயம்தான், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் அமெரிக்காவுக்கு நட்சத்திரம் போயிற்று. இங்கிலாந்து விண்ணப்பத்தில் 2026 சேர்க்கையிலிருந்து ஒரே கட்டுரைக்குப் பதில் மூன்று கேள்விகள், எல்லாம் சேர்த்து 4000 எழுத்து. மூன்றாவது கேள்வி, படிப்புக்கு வெளியே என்ன செய்து தயாரானாய் என்பது. அங்கே பட்டறையை எழுதியிருக்கிறான். ஜனவரிக்குள் அனுப்ப வேண்டும். அப்பா இன்னும் படித்துப் பார்க்கவில்லை.

இந்த வெளிநாட்டு மோகம் நேற்று வந்ததல்ல. 1872-இல் தொடங்கி நான்கு தவணையாக 120 பையன்களை மன்னராட்சியே அமெரிக்காவின் கனெடிகட்டுக்குப் படிக்க அனுப்பியது. சடையை வெட்டுகிறான், தேவாலயம் போகிறான், பேஸ்பால் ஆடுகிறான் என்று புகார் போய், 1881-இல் எல்லாரையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். படிப்பை முடித்துத் திரும்பிய சிலரில் ஜான் தியான்யோ ஒருவர். பெய்ஜிங்கிலிருந்து ஜாங்ஜியாகோவுக்கு மலையைக் குடைந்து 1909-இல் ரயில் பாதை போட்டு முடித்தவர். இன்று உலகமே பேசும் சிங்ஹுவா பல்கலைக்கழகம் இருக்கிறதே, அது 1911-இல் தொடங்கியபோது அமெரிக்கா போகும் மாணவர்களைத் தயார்செய்யும் பள்ளி. நான் இப்போது பார்க்கிற அதே வேலை! இதை வகுப்பில் சொன்னபோது, சிங்ஹுவாவில் நுழைய முடியாமல்தான் நாங்கள் இங்கே இருக்கிறோம் என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது.

வேலை நிலைக்குமா என்பதையும் பார்த்துக்கொள். 2019-20 கல்வியாண்டில் அமெரிக்காவில் சீன மாணவர்கள் 3.72 லட்சம் பேர். 2023-24-இல் 2.77 லட்சம். அந்த வருஷம் 3.31 லட்சத்தோடு நம்மவர்கள் முந்திவிட்டார்கள். 2025 மே மாதம் சீன மாணவர் விசாக்களை ரத்துசெய்யப் போவதாக அமெரிக்கா அறிவித்ததும் இங்கே பலர் திட்டத்தையே மாற்றினார்கள். இப்போது ஹாங்காங், சிங்கப்பூர், இங்கிலாந்து என்றுதான் பேச்சு. வீட்டு மனை விலை சரிந்ததில் பல பெற்றோர் கையைக் கடிக்கிறது. 2016-இல் பிறந்த குழந்தைகள் 1 கோடியே 78 லட்சத்துக்கு மேல், 2023-இல் 90 லட்சம். உனக்குப் பத்து வருஷம் ஓடும், அதற்கப்புறம் எனக்கே தெரியாது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மொழிப்பாடத்துக்குத்தான் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டுப் பாஸ்போர்ட் கேட்பார்கள். கணக்கு, இயற்பியலுக்கு அது தேவையில்லை. ஆனாலும் பள்ளி விளம்பரத் தட்டியில் யார் முகம் வரும், பெற்றோர் தினத்தில் யாரை முன்வரிசையில் நிறுத்துவார்கள் என்பதை நீயே ஊகித்துக்கொள். முதல் வருஷம் எனக்கு எரிச்சலாக இருந்தது. தேர்வு முடிவு வந்தபின் பெற்றோர் தேடி வருவது யாரை என்று பார்த்ததும் அந்த எரிச்சல் போய்விட்டது.

மொத்தத்தில் நீ வரலாம் என்பதுதான் என் அபிப்பிராயம். டியூஷனில் வாரம் எழுபது மணி நேரம் தொண்டை கிழியக் கத்துவதற்கு இது எவ்வளவோ தேவலை. தங்கச்சியையும் பாப்பாவையும் முதல் வருஷமே கூட்டி வராதே. பாப்பாவின் பள்ளிக் கட்டணத்தில் சலுகை உண்டா என்று முதலில் கேள். சைவம் என்றால் சாப்பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான். அரிசி நன்றாகக் கிடைக்கும், துவரம்பருப்பும் புளியும் ஆன்லைனில் வரவழைக்கலாம், கறிவேப்பிலைக்குத்தான் ஏங்க வேண்டும். வாட்ஸ்அப் இங்கே ஓடாது, அம்மாவுக்கு இப்போதே வீசாட் பழக்கிவிடு.

பட்டச் சான்றிதழுக்கு நம்ம வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, அப்புறம் சீனத் தூதரகத்தின் முத்திரை, இரண்டும் வேண்டும். போலீஸ் சான்றும் அப்படியே. மாதக்கணக்கில் இழுக்கும், இன்றே தொடங்கு. ஆகஸ்டு வேலைக்கு ஆள் எடுப்பு இப்போதே ஆரம்பித்து மார்ச்சுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்துப் போடுமுன் எனக்கு அனுப்பு. ராத்திரிப் படிப்பு மேற்பார்வை வாரத்துக்கு எத்தனை நாள், விமான டிக்கெட் யார் செலவு, வீட்டு வாடகை சம்பளத்தோடு சேர்த்தியா தனியா என்று பார்க்க வேண்டும். விசா கட்டணம் என்று ஏஜென்சி உன்னிடம் முன்பணம் கேட்டால் அன்றைக்கே பேச்சை முறித்துக்கொள். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால் நீ முதலில் எண்ணைச் சொல்லாதே, அவர்கள் சொல்லட்டும். சொன்னதும் எனக்கு ஒரு வரி எழுது, மேலே எவ்வளவு கேட்கலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்