அந்த அலைக்குள் ஆட்கள் இருக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஜப்பானிய மர அச்சுப் படங்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஓவியர் ஹொகுசாயின் 'பெரிய அலை' படத்தில் நுரையை மட்டும் வெட்டிப் போட்டு, கீழே 'சுனாமி' என்று எழுதிவிட்டீர்களே! அது சுனாமி இல்லை. 1831 வாக்கில் வந்த அந்தப் படம் காட்டுவது கனகாவா கரைக்கு அப்பால் கடலில் எழும் ஓர் அலையை. நீங்கள் வெட்டி நீக்கிய பகுதியில் மூன்று படகுகள் இருக்கின்றன. எடோ நகரத்துக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, மீனைக் கெடுவதற்குள் கொண்டு சேர்க்கிற வேகப் படகுகள் அவை. துடுப்புக்காரர்கள் வரிசையாகக் குனிந்து படகோடு ஒட்டிக் கிடக்கிறார்கள், பிழைப்புக்காகக் கடலில் இறங்கியவர்கள். அவர்களை எடுத்துவிட்டால் படத்தில் பாதி போய்விடும்.

இன்னொரு ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857-இல் செய்த, எடோவின் அதாகே பகுதியில் பெய்யும் மழைப் படத்தையும் ஒரு தரம் நிதானமாகப் பாருங்கள். திடீரென்று மழை பிடித்துக்கொள்கிறது, மரப்பாலத்தில் போனவர்கள் குடையிலும் வைக்கோல் தொப்பியிலும் ஒண்டிக்கொண்டு ஓடுகிறார்கள், ஒருவரின் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. கீழே ஆற்றில் ஒருவர் மட்டும் அவசரப்படாமல் கட்டுமரத் தெப்பத்தைக் கழியால் தள்ளிக்கொண்டு போகிறார். மழைக்கு ஒதுங்க அவருக்கு இடம் ஏது? இதே படத்தைத்தான் 1887-இல் டச்சு ஓவியர் வான் கோ எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்தார்.

அந்த மழைக்கோடுகள் அச்சில் எப்படி வந்தன என்று தெரிந்த பிறகு எனக்கு அந்தப் படத்தைவிட்டு நகர முடியவில்லை. ஹிரோஷிகே மெல்லிய தாளில் வரைந்து கொடுப்பார், அதைச் செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு பக்கமும் மரத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, முடி கனத்துக்கு ஒரு வரப்பை மட்டும் நிற்க வைப்பவர் வேறொருவர். ஒன்று உடைந்தாலும் மழை அங்கே அறுந்துபோகும். அப்புறம் அச்சிடுபவர். வண்ணத்துக்கு ஒரு பலகை வீதம் அதே தாளைத் திரும்பத் திரும்ப இம்மி பிசகாமல் வைத்து, மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தேய்ப்பானால் தேய்த்து எடுப்பார். உச்சியில் இருக்கிற கருமேகப் பட்டை ஒவ்வொரு தாளுக்கும் பலகையில் கையால் மையை இழையவிட்டு எடுத்தது, அதனால்தான் ஒரு பிரதியின் மேகம் இன்னொன்றில் அப்படியே இருக்காது. இத்தனை வேலைக்கும் பெரும்பாலான படங்களில் ஓவியர் பெயரும் பதிப்பாளர் முத்திரையும்தான் இருக்கும், செதுக்கியவர் பெயரைத் தேடிப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

இவை அரண்மனைக்குச் செய்தவையும் அல்ல. கடையில் மலிவு விலைக்கு விற்று, சாதாரண ஜனங்கள் வாங்கிப்போனவை. அதனால்தானோ என்னவோ, ஹிரோஷிகேயின் அசாகுசா வயல் படத்தில்கூட ஜன்னல் விளிம்பில் ஒரு வெள்ளைப் பூனை வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் ஒரு கிண்ணமும் துணியும், தூரத்தில் திருவிழாக் கூட்டம் எறும்பு வரிசை போல.

அடுத்த தடவை அலைப் படத்தைப் படகுகளோடு முழுசாகப் போடுங்கள். மழைப் படத்துக்கும் பக்கத்திலேயே இடம் கொடுத்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை