நம் பிள்ளைகளின் பெயரும் கையெழுத்தும்: பினாங்குத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு மாநிலத் தமிழ்ச் சங்கங்கள், இளைஞர் மன்றங்கள், ஆலய நிர்வாகங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

பிறை நகரில் சிறிய கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். சென்ற ஆண்டு ஒரு தாயும் மகனும் இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதி வாரியம் அனுப்பிய கடிதத்தோடு என்னைத் தேடி வந்தார்கள். தொழிலாளர்களுக்குச் சேமநிதிச் சந்தா கட்டாத ஒரு செண்டிரியான் பெர்ஹாட் (தனியார்) நிறுவனத்தின் இயக்குநர் என்று மகனின் பெயர் அதில் இருந்தது. அந்த நிறுவனம் எங்கே இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. தெரிந்த அண்ணன் ஒருவர், "சும்மா கையெழுத்து மட்டும் போடு தம்பி, மாசம் முந்நூறு வெள்ளி தர்றேன்" என்றாராம். சில மாதம் பணம் வந்தது. அப்புறம் அண்ணனின் போன் அடங்கிவிட்டது. நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மின் பதிவை எடுத்துப் பார்த்தேன். அடையாள அட்டை எண் சரி, வீட்டு முகவரி சரி, கையெழுத்தும் அவனுடையதுதான். நிறுவனம் கட்டத் தவறிய சந்தாவுக்கு இயக்குநரும் சேர்ந்தே பொறுப்பு என்பது சட்டம். நாட்டை விட்டு வெளியேறத் தடையும் வரலாம். சிங்கப்பூரில் வேலைக்குப் போகக் காத்திருந்த பையன் அவன்.

பேங்க் கார்டு கதை இதைவிடப் பரவலானது. கணக்கைத் திறந்து, கார்டையும் பின் நம்பரையும் கொடுத்தால் காசு என்று டெலிகிராமில் விளம்பரம் வருகிறது. அதிகாரி என்று போனில் மிரட்டிப் பணம் பறிக்கும் மக்காவ் மோசடியில் ஒரு முதியவர் இழக்கும் சேமிப்பு, இப்படி அடுத்தவருக்குக் கொடுக்கப்பட்ட பல 'கெல்டாய்' (கழுதை) கணக்குகள் வழியாக வேகமாகக் கைமாறி மறைகிறது. போலீஸ் முதலில் கதவைத் தட்டுவது கணக்குக்குச் சொந்தக்காரரின் வீட்டில். ஆட்டுவித்தவனின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

உலகையே உலுக்கிய ஊழலும் இந்த வழியில்தான் நடந்தது. மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி-யில் இருந்து 450 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் சுருட்டப்பட்டதாக அமெரிக்க அரசின் நீதித்துறை சொல்கிறது. அதில் 2013 மார்ச்சில் அன்றைய பிரதமர் நஜிப்பின் கணக்குக்கு வந்த 68.1 கோடி டாலர், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பதிவான தனோர் என்ற நிறுவனத்தின் கணக்கிலிருந்து வந்தது. அந்தக் கணக்கின் உரிமையாளராகப் பதிவில் இருந்தவர், இந்த ஊழலின் சூத்திரதாரி என்று குற்றம் சாட்டப்படும் ஜோ லோ அல்ல, அவருடைய கூட்டாளி. 1எம்டிபி பணம் புழங்க இடம் கொடுத்த பி.எஸ்.ஐ., ஃபால்கன் ஆகிய இரு வங்கிகளும் தன் மண்ணில் நடத்திய அலுவலை 2016-இல் சிங்கப்பூர் இழுத்து மூடியது. கோடிகளைத் திருடுகிறவனுக்கும் கார்டு வாங்குகிறவனுக்கும் முதலில் தேவைப்படுவது இன்னொருவரின் பெயர்.

அதனால்தான் பல நாடுகள் இப்போது உண்மையான உரிமையாளர் யார் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிரிட்டன் 2016-இலேயே அதற்குப் பொதுப் பதிவேடு தொடங்கியது. இங்கே 2024 ஏப்ரல் முதல், நிறுவனத்தின் பின்னால் இருப்பவர் யார் என்று எஸ்.எஸ்.எம்.மிடம் தெரிவித்தாக வேண்டும். அதே ஆண்டு குற்றவியல் சட்டத்தில் 424ஏ தொடங்கிப் புதிய பிரிவுகள் சேர்ந்தன. முறையான காரணமில்லாமல் கணக்கை அடுத்தவர் கையில் கொடுப்பதே இப்போது குற்றம். நல்ல சட்டங்கள், வரவேற்கிறேன். ஆனால் எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் ஒரு பிள்ளைக்கு இதை யார் சொல்கிறார்கள்? எந்த அதிகாரியும் நம் தாமானுக்கு (குடியிருப்புக்கு) வந்து தமிழில் சொல்லப்போவதில்லை. உங்கள் மேடை, உங்கள் ஒலிபெருக்கி, உங்கள் வாட்ஸ்அப் குழு அங்கே ஏற்கெனவே இருக்கின்றன.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் வழி நெடுக நீங்கள் பந்தல் போடுகிறீர்கள். பந்தலுக்கு ஒரு பதாகை வையுங்கள்: கார்டைக் கொடுக்காதே, கையெழுத்தைக் கொடுக்காதே, ஏமாந்தால் உடனே 997-க்கு அழை. பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் தடுக்கத்தான் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் அந்த எண். சந்தேகமான வங்கிக் கணக்கு எண்ணைப் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் சரிபார்க்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கைப்பேசியைக் கையில் வைத்தே சொல்லிக்கொடுங்கள். மாட்டிக்கொண்ட பிள்ளைகள் பயத்தில் ஒளிகிறார்கள். நாள் தள்ளத் தள்ளச் சிக்கல் இறுகுகிறது. ஒவ்வொரு மன்றத்திலும் ஒரு மூத்தவர், விவரம் தெரிந்த ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொண்டு, அவர்களோடு போலீஸ் நிலையம் வரை போகட்டும். இது ஒன்றை மட்டும் செய்தாலும் போதும் என்பேன்.

இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் வேலை நிற்கக்கூடாது என்று காசோலைப் புத்தகம் முழுவதும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்கும் சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். கெட்ட எண்ணம் ஏதுமில்லை, நம்பிக்கைதான். ஆனால் கையெழுத்து வெறும் சம்பிரதாயம் என்று நம் பிள்ளைகள் கற்றுக்கொள்வது அந்த மேசையில்தான். அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு முன் அந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள். தணிக்கை செய்த கணக்கை ஆலய அறிவிப்புப் பலகையில், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி ஒட்டுங்கள். கணக்கு எழுதிக் கொடுக்க ஆள் இல்லாத சிறிய ஆலயங்கள் என்னைக் கூப்பிடலாம், கட்டணம் வேண்டாம்.