பாட்டியைக் கண்ணகியாகத் தீட்டப் போகும் தங்கைக்கு

அன்புத் தங்கை,

சுங்கை சிப்புட் வீட்டிலேயே பாட்டியை உட்கார வைத்து எண்ணெய் வண்ணத்தில் கண்ணகியாகத் தீட்டப் போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்தது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கைக்கு ஒற்றைச் சிலம்பு அப்படிப் பொருந்தும். அதுவே போதும், ஒளிவட்டமோ பின்னால் தீயோ வேண்டாம். சிலம்பை உடைந்த வாயோடு வரை. உள்ளே மாணிக்கப் பரல் தெரியட்டும். முத்துப் பரல் பாண்டிமாதேவியுடையது. அதை மாற்றிப் போட்டால் கண்ணகியின் வழக்கே கெட்டுப்போகும்.

குழல்விளக்கை அணைத்துவிட்டு ஒரு ஜன்னலை மட்டும் திற. இத்தாலிய ஓவியர் கராவாஜியோ (1571–1610) படங்களில் இருட்டுக்குள்ளிருந்து முகம் எழுவது இப்படி ஒரு பக்க ஒளியால்தான். கேன்வாஸ் 60 × 75 செ.மீ. இருக்கட்டும். ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் லேசாக உப்புத்தாள் தேய்ப்பு, பிறகு மூன்று நாள் பொறுமை. முதல் வரைவை பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு நிறத்தில், டர்பன்டைன் கலந்து மெலிசாகப் போடு. அந்த நிறம் சீக்கிரம் காயும். பின்னணிக்கு ஐவரி கறுப்பை எடுக்காதே. அது மெதுவாகக் காயும். மேலே போட்ட பூச்சு முந்திக் காய்ந்து வெடித்துவிடும். அம்பரோடு அல்ட்ராமரின் நீலம் கலந்தாலே ஆழமான இருட்டு கிடைக்கும். மேல் பூச்சுகளுக்குப் போகப் போக ஆளிவிதை எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு.

பலர் சறுக்குவது தோல் நிறத்தில்தான். கறுத்த தோலை வெளிச்சமாக்க வெள்ளையை அள்ளிப் போட்டால் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடும். செம்பழுப்பு நிற பர்ன்ட் சியன்னாவில் மண்மஞ்சள் நிற யெல்லோ ஓக்கரைச் சேர்த்தே வெளிச்சத்தை ஏற்று. வெள்ளை கடைசியில், துளியளவு. பாட்டியின் நெற்றி மேட்டை உற்றுப் பார்: ஜன்னல் வானம் அங்கே இளநீலமாக விழுந்திருக்கும், கன்னத்து நிழல் செம்பழுப்பாக இருக்கும். அந்த நீலப் பொட்டு ஒன்று சரியாக விழுந்தால் முகத்துக்கு உயிர் வந்துவிடும். சிலம்புக்குத் தங்கப் பெயின்ட் வேண்டாம். ஓக்கர், அம்பர், ஓரத்தில் ஒரே ஒரு வெளிர்மஞ்சள் கீற்று.

மழைக்கால ஈரத்தில் துணி தொய்யும், கேன்வாஸ் சட்டத்தின் மூலை ஆப்புகளை மெல்லத் தட்டி இறுக்கு. சுவரை ஒட்டி மாட்டினால் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். இரண்டு விரல் இடைவெளி விடு. காயும்போது அலமாரிக்குள் பூட்டாதே, இருட்டில் எண்ணெய் மஞ்சளாகும். எண்ணெய் துடைத்த துணி குவிந்து கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய, மூடி போட்ட தகர டப்பாவில் போட்டுவிடு.

தீபாவளிக்குப் பாட்டி பார்க்கும்படி மாட்டிவிடலாம். வார்னிஷ் மட்டும், எண்ணெய் நன்றாகக் காய்ந்தபின், அடுத்த தீபாவளிக்கு.

அன்புடன்,
அக்கா