கதவு திறந்திருந்தது

அன்புள்ள அக்கா,

வரும் வெள்ளிக்கிழமையிலிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் வாள் பயிற்சி சொல்லிக்கொடுக்கப் போகிறேன். ஆசிரியர் முன்பு இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் மறுத்திருந்தேன். மூன்றாம் முறை சரி என்றேன். முதல் நாள் முதல் விதி எதுவென்று உங்களுக்குத் தெரியும். "உன்மேல் பட்டால் நீயே சொல். நடுவர் கண்டாரா என்று திரும்பிப் பார்க்காதே." அதை என் வாயால் சொல்வதற்கு முன் இதை எழுதியாக வேண்டும்.

உங்கள் பழைய முகவரிக்கு அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் பதில் வரவில்லை. அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன். இத்தாலியில், பொலோன்யாவில் நம்மோடு இருந்த தமிழ் நண்பர்கள் படிப்பார்கள். அவர்களில் யாராவது வாள் பயிற்சிக் கூடத்தில் இருப்பவர்களுக்கு இத்தாலியனில் சொல்லவும் செய்வார்கள். ஆகையால் மற்றவர்களின் பெயர்களையும், நம் இருவரின் போட்டியன்று உடைமாற்றும் அறையில் பேசியவற்றையும் விட்டுவிடுகிறேன். நடுவர்கள்மீது எந்தக் குறையும் இல்லை. ஒருவருக்கு என் முதுகும் இன்னொருவருக்கு என் கையும் மறைத்தன. என்னைப் பற்றியதை மட்டும் சொல்கிறேன்.

பிப்ரவரி மாதம். நீங்கள் 6, நான் 4. பொலோன்யாவின் பழைய வாள் ஆசிரியர் மஞ்சோலினோ 1531-இல் அச்சிட்ட நூலின் கணக்கை வைத்து விளையாடினோம்: தலைக்கு 3, காலுக்கு 2. மற்ற இடங்களுக்கு 1 என்று நாமாக வைத்துக்கொண்டோம். 7-ஐ எட்டினால் ஆட்டம் முடிந்தது. நான் நெடுவால் என்னும் காவல் நிலையில் நின்றேன், நீங்கள் இரும்புக் கதவு நிலையில். அவர்களுடைய கோதா லுங்காவையும் போர்த்தா தி ஃபெர்ரோவையும் அப்படி ஆக்கியது நீங்கள்தான். பயிற்சியில் என் காவல் தளரும்போதெல்லாம் "கதவைச் சாத்து, கதவைச் சாத்து" என்று தமிழில் கத்துவீர்கள். இத்தாலியப் பையன்கள்கூட அதைக் கற்றுக்கொண்டு எனக்குக் கத்தினார்கள்.

வெட்டுக்காகக் கையைத் தூக்கினேன். உங்கள் முனை கீழிருந்து எழுந்து, என் வலது அக்குளுக்குச் சற்றுக் கீழே விலாவில் ஊன்றியது. வாள் வில்லாக வளைந்தது. பஞ்சு அடைத்த மேலங்கிக்கு உள்ளேயும் அந்த வளைவை உணர்ந்தேன். சந்தேகத்துக்கே இடமில்லை, அக்கா. நீங்கள் ஓரடி பின்வாங்கி வாளைத் தாழ்த்தினீர்கள். நான் சொல்வேன் என்று காத்திருந்தீர்கள். நடுவர்களின் கொடி எதுவும் எழவில்லை. அப்போது முகக்கவசத்தின் வலைக்குப் பின்னாலிருந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "கதவு திறந்திருந்தது" என்றீர்கள். பயிற்சியில் ஒவ்வொரு முறை என்னைக் குத்திய பிறகும் சொல்வீர்களே, அதே குரலில்.

எனக்குக் கேட்டது. கேட்காததுபோல் ஒரு காலடி வைத்து உங்கள் தலையில் வெட்டினேன். இரண்டு கொடிகளும் எழுந்தன.

பிறகு பல மாதங்கள் எனக்கு நானே வழக்கறிஞராக இருந்தேன். அடிபட்டவர் ஒரு காலடி வைத்து ஒரே ஒரு வீச்சு திருப்பித் தரலாம் என்று மஞ்சோலினோவே இடம் கொடுக்கிறாரே, என் வெட்டும் அதில் அடங்காதா என்று வாதாடினேன். நம் கூடத்தில் அதற்கு ஒரு மூச்சு நேரம்தான் கொடுத்திருந்தோம். நீங்கள் வாளைத் தாழ்த்தி ஒரு வாக்கியமும் பேசி முடித்திருந்தீர்கள். அதுமட்டுமல்ல, திருப்பித் தந்தாலும் முதலில் பட்டதைச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. விலாவில் நீலம் பாரித்த இடம் பன்னிரண்டு நாள் மறையவில்லை. வேறொரு நாளாக இருந்தால் அதை விழுப்புண் என்று சொல்லி எல்லோருக்கும் காட்டியிருப்பேன். அந்தப் பன்னிரண்டு நாளும் எல்லோரும் போன பிறகுதான் உடை மாற்றினேன்.

அன்று என் கையில் இருந்தது உங்கள் வாள் என்பதை வேறு யாரும் அறிய மாட்டார்கள். எனக்கென ஒன்று வாங்கப் பணம் சேரும்வரை வைத்துக்கொள் என்று கொடுத்தீர்கள். என் முழங்கால்களுக்கு வலு வர வேண்டும் என்று ஞாயிறுதோறும் சான் லூக்கா குன்றுக்கு அந்தக் கூரையிட்ட நடைபாதையின் 666 வளைவுகளின் அடியில் ஏற வைத்தீர்கள். இன்னொரு பழைய வாள் ஆசிரியரான மரோட்சோ தம் நூலில் காட்டிய வெட்டுத் திசைப் படத்தை உங்கள் அறைச் சுவரில் சுண்ணக்கட்டியால் வரைந்து, எனக்காக வீட்டுக்காரரிடம் ஏச்சு வாங்கினீர்கள். பொலோன்யாவில் எனக்கு வேறு யார் இருந்தார்கள்?

அப்படிப்பட்டவர் அன்றே என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?

இத்தாலியரான முட்சியோ 1550-இல் எழுதிய துவந்த நூலைப் பற்றி அந்த வளைவுகளின் அடியில் எவ்வளவு பேசினீர்கள்! "நீ பொய் சொல்கிறாய்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்தப் பழியைச் சுமப்பவர்தான் அறைகூவ வேண்டும், ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எதிராளிக்கு. அந்த ஒரு சொல் உங்கள் நாக்கில் இருந்தது. சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியாக வேண்டும். கோபப்பட்டிருப்பேன், அழுதிருப்பேன், கடைசியில் ஒப்புக்கொண்டிருப்பேன். நீங்கள் வாளை உயர்த்தி வணங்கி, என்னைக் கட்டிக்கொண்டு, "நல்ல வெட்டு" என்றீர்கள். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. எல்லோரும் உங்கள் பெருந்தன்மையைப் புகழ்ந்தார்கள். என்னைச் சண்டைக்குக்கூடத் தகுதியற்றவளாக நீங்கள் ஒதுக்கிவிட்டதாகத்தான் எனக்குப் பட்டது. இன்றும் சில இரவுகளில் அப்படித்தான் படுகிறது. அக்காவாக இருந்தவருக்குக் கன்னத்தில் அறையும் உரிமை இருந்தது. அதைப் பயன்படுத்தாமல் போனதை இன்னும் மன்னிக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க எழுதும் கடிதத்தில் இதைச் சொல்வது முறையல்லதான். இதை மறைத்தால் கடிதம் இன்னொரு பொய்யாகிவிடும்.

நீங்கள் அதனால்தான் வராமல் நின்றீர்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. உங்கள் வேலை, வீட்டு நிலைமை எல்லாம் அந்த ஆண்டு எப்படி இருந்தன என்று நான் கேட்கவே இல்லை. அதுவும் என் தவறு.

மரோட்சோ 1536-இல் வெளியிட்ட நூலில், மாணவர் வாளின் குறுக்குக் கம்பிமேல் கைவைத்து உறுதி சொல்லும் இடம் நினைவிருக்கிறதா? ஆசிரியருக்கு எதிராக நிற்க மாட்டேன், அவர் அனுமதியின்றிப் பிறருக்குக் கற்பிக்க மாட்டேன். கூடத்தில் நமக்கு அதை வாசித்துத்தான் காட்டினார்கள், யாரிடமும் உறுதி வாங்கவில்லை. நான் அன்றிரவு வீட்டுக்குப் போய், உங்கள் வாளின்மேல் கைவைத்துத் தமிழில் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. யாரை ஆசிரியராக நினைத்துச் சொன்னேன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதல் பாதியை அந்தப் பிப்ரவரியில் முறித்துவிட்டேன். இரண்டாம் பாதியாவது மிஞ்சட்டும். கூடத்தின் அனுமதி கிடைத்துவிட்டது, உங்களுடையது கிடைக்கவில்லை.

வகுப்பு வெள்ளி மாலை 7 மணிக்கு. உங்கள் வாளைத்தான் கொண்டுபோக நினைக்கிறேன். மாதம் ஒரு முறை எண்ணெய் பூசுகிறேன், துரு ஏறவில்லை. கைப்பிடியில் நீங்கள் சுற்றிய பச்சை நூல் ஓரிடத்தில் மட்டும் பிரிந்திருக்கிறது, நான் தொடவில்லை. வேண்டாம் என்றால் வெள்ளிக்குள் ஒரு வரி எழுதுங்கள். காரணம்கூடச் சொல்ல வேண்டாம், நான் போக மாட்டேன். பதில் வராவிட்டால் போவேன். உங்கள் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் போவேன்.

பட்டது, அக்கா. வலது விலாவில். 7–4.

உங்கள் தங்கை