என் நாவல் அச்சுக்குப் போகிறது: ஞாயிறுக்குள் ஓர் உதவி

நண்பர்களே, வணக்கம்.

என் புது நாவல் அச்சுக்குத் தயார். கையெழுத்துப் பிரதியாக இருக்கும்போதே ஒரு நாவல் போட்டியின் நெடும்பட்டியலில், அதாவது முதல் சுற்றுத் தேர்வுப் பட்டியலில், இடம்பிடித்திருக்கிறது. நேற்றுதான் பதிப்பாளர் சொன்னார். முதல் வரைவைப் பொறுமையாகப் படித்தது இந்தக் குழுதான். அதனால் உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அச்சுக்கு முன் பிழை பார்ப்பதற்கான மெய்ப்பு பிடிஎஃப்பை இன்று அனுப்புகிறேன்.

1. வரும் ஞாயிறு இரவு 8 மணிக்குள் பிழைகளைப் பக்க எண்ணோடு எனக்குத் தனியாக அனுப்புங்கள். ஒற்றுப்பிழை, ஒருமை பன்மை மயக்கத்தைக் கூடுதலாகக் கவனியுங்கள். புதிதாக வரி சேர்க்கச் சொல்ல வேண்டாம். ஒரு வரி கூடினாலும் அடுத்த பக்கங்கள் நகர்ந்துவிடும்.
2. நன்றிப் பக்கத்துக்கு உங்கள் பெயரை இனிஷியலோடு எழுதுங்கள்.
3. கோப்பை வெளியே பகிராதீர்கள்.

படிக்க முடிகிறவர்கள் இன்றே ‘சரி’ என்று பதில் போடுங்கள். அப்புறம், போட்டியின் அடுத்த சுற்றான குறும்பட்டியல் வந்ததும் இங்கேயே சொல்கிறேன்.