சாவியை யாரிடம் கொடுப்பாய்?

தங்கச்சிமடம்,
ஏப்ரல் 27

அன்பு மகனுக்கு,

இயேசுவுக்கே புகழ்.

நேற்று இரவு பத்து மணிக்கு உன்னைக் கூப்பிட்டேன். எடுத்தது பாப்பா. "அப்பா இன்னும் கோயிலிலிருந்து வரவில்லை அப்பத்தா. சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன்" என்றாள். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. போனில் பேசினால் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பாப்பாவின் வயதில் நீயும் எனக்கு ஒரு தட்டை மூடி வைத்தாய். தவக்காலம், இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகத்தின் ஒத்திகை முடிந்து நான் வீடு வந்தபோது மணி பதினொன்று. அப்பா கடலில். சோறு ஊறிவிடக் கூடாதென்று குழம்பைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்துவிட்டு, பக்கத்திலேயே வெறுந்தரையில் தூங்கியிருந்தாய். நான் உன்னை எழுப்பி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சாப்பிட்டுவிட்டு, ஒத்திகைக்கு யார் யார் வரவில்லை என்று கணக்குப் பார்த்தபடியே படுத்தேன். இருபத்திரண்டு ஆண்டு இளையோர் பணியில் இன்றும் என் நெஞ்சை அறுப்பது அந்தத் தட்டுதான்.

நீ இப்போது செய்யும் இளையோர் பணியை விட்டுவிடு என்று சொல்ல வரவில்லை, ராசா. அதன் இனிப்பு எனக்குத் தெரியும். ஓரியூருக்குப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப்போவோமே, புனித அருளானந்தர் 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் தேதி தலை வெட்டுண்ட இடத்துக்கு. பெண் பிள்ளைகள் அந்தச் செம்மண்ணைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துவருவார்கள். ஓராண்டு முழுக்க வாய் திறக்காத ஒருத்தி, திரும்பி வரும் வழியில், அந்த முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தவள், திடீரென்று "பத்தாவதோடு படிப்பை நிறுத்தப்போகிறார்கள் டீச்சர்" என்றாள். அவள் வீட்டுக்கு மூன்று முறை நடந்தேன். இன்று அவள் மதுரையில் நர்ஸ். பிப்ரவரி 4 வந்தால் எனக்கு போன் வரும். அந்தக் குரலைக் கேட்கும்போது, பட்ட பாடெல்லாம் எங்கே போனதென்றே தெரியாது.

போன வாரம் நீ சொன்னாய்: "நாற்பது பேர் வந்த இடத்தில் ஆறு பேர்தான் வருகிறார்கள், என்னிடம்தான் ஏதோ குறை." என் காலத்தில் கூட்டத்துக்கு ஆள் குறைந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகு ஞாயிறு காலையில்தான் கரை சேரும். பூசை மணி அடிக்கும்போது நம் பையன்கள் மீன் பிரித்துக்கொண்டிருப்பார்கள். மாலைக் கூட்டத்துக்கு டீசல் வாடையோடு வந்து, பாட்டு முடிவதற்குள் பெஞ்சிலேயே கண் அயர்ந்துவிடுவார்கள். நம் கிதார் பையன் ஒரு மாதம் வரவே இல்லை. பிறகு வந்தவனை எல்லோர் முன்னிலையிலும் திட்டினேன். அவன் எதிர்த்துப் பேசாமல் கிதாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். வலைக்கயிறு அறுத்த விரல்கள். இரண்டில் துணி சுற்றியிருந்தான். எல்லை தாண்டியதாகச் சொல்லி அவனுடைய அப்பாவை இலங்கைப் பக்கம் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். இவன் அவருடைய இடத்தில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறான். ஊரே அறிந்ததை, ஒத்திகையிலும் திருவிழாக் கணக்கிலும் மூழ்கிக் கிடந்த நான் மட்டும் அறியவில்லை. களைத்த கண்ணுக்கு வந்தவர்களின் தலை எண்ணிக்கைதான் தெரிகிறது, முகம் தெரிவதில்லை. உன் விஷயத்தில் நான் அஞ்சுவது அதைத்தான்.

என் களைப்புக்குக் காரணம் பிள்ளைகள் இல்லை. எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டும் என்ற பிடிவாதம். இளையோர் அறையின் சாவியை ஊக்கில் கோத்து என் சேலையிலேயே குத்தி வைத்திருப்பேன், நினைவிருக்கும். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் அந்த அறை வாசலிலேயே மயங்கி விழுந்தேன். அப்போதிருந்த பங்குத்தந்தை தண்ணீர் கொடுத்துவிட்டு, "சாவியை யாரிடமாவது கொடுங்கள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். அந்த ஆண்டு தேர்ப்பவனியில் பாடல் வரிசை மாறிப்போனது. ஒலிபெருக்கி இருமுறை நின்றது. ஆனால் பிள்ளைகள் தாங்களே ஓடி ஓடிச் சரிசெய்தார்கள். நான் சப்பரத்துக்குப் பின்னால் உன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதற்கு முன் ஒரு திருவிழாவிலும் நான் உன்னோடு நடந்ததில்லை.

அப்பாவின் படகு 15ஆம் தேதியிலிருந்து கரையில் நிற்கிறது. ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலம். வீட்டு வாசல் முழுக்க வலையை விரித்துப் போட்டுக் கிழிசல் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாப்பாவுக்குப் பள்ளி விடுமுறைதானே? மூன்று பேரும் பத்து நாள் வந்து இருங்கள். பாம்பன் புதுப் பாலம் திறந்தபிறகு ரயில் ராமேஸ்வரம் வரைக்கும் வருகிறது. பாலத்தில் வரும்போது பாப்பாவை ஜன்னலோரம் உட்கார வை. நாட்டுப்படகில் நண்டு வருகிறது, வாங்கி வைக்கிறேன்.

டிக்கெட் போட்டதும் எழுது. உன் அறைச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டு வருகிறாய் என்பதையும் எழுது.

அன்புடன்,
அம்மா